புது வீட்டில் எழுந்த குரவை

அத்தியாயம் பதினேழு

கொழும்பு ஸ்டூடியோவின் படிகளில் அபூசாலி கிட்டாரோடு இறங்கி வந்ததைப் பார்த்தோம். "றபானைத் தள்ளி வைச்சிட்டு வயலின் போடுவம், கவியைக் கொஞ்சம் சினிமாப் பாட்டு மாதிரி மினுக்குவம்" என்று சொன்ன முதலாளிக்கு ஒரு சலாத்தை மட்டும் சொல்லிவிட்டு அவன் கல்முனை பஸ் ஏறிவிட்டான். ஆண்பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஸகியா நினைத்தாள். பெண்சாதி அல்லவா, நினைக்கத்தான் செய்வாள். அவளுடைய உம்மா சரீபாவோ, "வந்த சீதேவியக் காலால ஒதைச்சிப் போட்டு வந்திரிக்கார் மருமகன்" என்று அன்றிலிருந்து குசினியில் சட்டிபானைகளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் அபூசாலி வெறுங்கையோடு திரும்பவில்லை. இசைத்தட்டு அடிக்கிற இன்னொருவரைக் கொழும்பில் பிடித்திருந்தான். பாட்டை நீங்களே பதிந்து டேப்பைக் கொண்டு வாருங்கள், ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடித்துத் தருகிறேன், திங்கட்கிழமை மெஷின் சும்மா கிடக்கிறது என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரவு பஸ்ஸில் டேப் ஏற வேண்டும்.

காலையிலேயே ஸகியா தங்கச்சி கமீலாவின் புது வீட்டு ஜன்னல்களில் நெல்லுச் சாக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே போகக் கூடாது, காகம் கத்துவது உள்ளே வரக் கூடாது.

கமீலாவின் வீடு என்றால் கமீலா இன்னும் குடிபோகாத வீடு. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். மகள் எத்தனை பேரோ அத்தனை வீடு கட்டி முடித்தால்தான் வாப்பாவுக்கு மூச்சு வரும். மூத்தவள் ஸகியாவுக்குப் பழைய வீடு போய்விட்டது. அதே வளவில் இளையவளுக்கென்று வாப்பா மீராமுகைதீன் போடியார் கட்டுகிற வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. சுவர்தான் பூசவில்லை. பொத்துவில் ஆயிஷா உம்மாவின் மகன் அச்சிமுகம்மதுவைக் கமீலாவுக்குக் கேட்டு, பேச்சு ஏறக்குறைய முடிந்த நிலை. பூசாத சுவரில் பாட்டு நல்லாய் எதிரொலிக்கும் என்று கண்டுபிடித்தவன் தங்கத்துரை.

தங்கத்துரையைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்முனைக் கடற்கரையில் வலை இழுக்கிற குடும்பம். கோயில் உடுக்கையும் பறையையும் அடித்துப் பழகிய கை. அபூசாலி கிட்டாரை எடுத்து வயல் கவி பாடத் தொடங்கியபோது, "இதுக்கு ட்ரம் வேணாம், நான் வாறன்" என்று உடுக்கோடு வந்து நின்றவன். மூன்றாமவன் நூஹு, றபான் என்கிற தோல் வாத்தியம் அடிப்பவன். வாய் திறந்து பேசுவது அருமை, பேசுவதையெல்லாம் விரலால் பேசி விடுவான். இந்த மூவரும்தான் 'ஆத்துவாய்' கோஷ்டி.

மற்றக் கோஷ்டிகள் பைலாவும் சினிமாப் பாட்டும் போட்டுக் கல்யாண வீடுகளைக் கலக்கிய காலத்தில் இவர்கள் வேளாமை வெட்டுகிறவர்களின் கவியை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். முதல் வருஷம் சனம் சிரித்தது. "வயலுக்குள்ள படிக்கிறத மைக்குல படிக்கிறானுகள்" என்றது. பிறகு அந்தச் சூறாவளி வந்தது. கூரையெல்லாம் பறந்து பள்ளிக்கூடத்தில் ஒடுங்கிக் கிடந்த சனத்துக்கு நடுவில், மைக்கும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் மூவரும் பாடினார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சாகாமத்துக்காரர் அறுவடை முடிந்ததும் வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். றேடியோவும் கூப்பிட்டது. யாருடைய கம்பனிக்கும் கீழ்ப்படாமல், யாருக்காகவும் ஒரு வரியை மாற்றாமல் அவர்கள் இவ்வளவு தூரம் வந்ததை நினைத்தால் ஸகியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் நேரம் நெருக்கிக்கொண்டிருந்தது. நூஹுவுக்குச் சவூதி விசா வந்துவிட்டது. இசைத்தட்டு வெளிவந்து நாலு பேர் கேட்டால் போக மாட்டேன், இல்லையென்றால் போகத்தான் வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். தங்கத்துரையின் அப்பாவும் படகைக் காட்டிக் கெடு வைத்துவிட்டார். இந்த டேப் போகாவிட்டால் கோஷ்டி இல்லை. எல்லாருக்கும் அது தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை.

லவுட்ஸ்பீக்கர் கடைப் புண்ணியமூர்த்தி தன் பெரிய ஸ்பூல் டேப் ரெக்கோடரைத் தந்திருந்தார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கோயில் திருவிழாவுக்கு அது தேவை. இருந்தது ஒரே மைக். பழைய வீட்டிலிருந்து வயர் இழுத்து, மைக்கை நடு அறையில் கயிற்றில் தொங்கவிட்டு, மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பாட்டு மச்சானும் மச்சியும் கேள்வி பதிலாகப் படிக்கிற கவி. பதில் கவியையும் அபூசாலியே குரலை மெலித்துப் படிப்பதாக ஏற்பாடு. முடிவில், நல்ல காரியங்களில் பெண்கள் கூடி எடுக்கிற குரவைச் சத்தம் வேண்டும். கொழும்பில் ஒரு அம்மாவைப் பிடித்துக் குரவை போடச் சொல்லிப் பார்த்தார்களாம். அது கோழி துரத்துகிற சத்தம் மாதிரி இருந்ததாம். ஆகவே குரவைக்கு ஸகியாவும் கமீலாவும்.

"குரவை மட்டும்தானே ராத்தா?" என்று காலையில் கமீலா கேட்டாள்.

"குரவை மட்டும்தான் கா. கலியாண வீட்டுல போடாததா? ஊரே கேக்கும். இதுல என்ன வெக்கம்?" என்றாள் ஸகியா.

முதல் தடவை உடுக்கின் கயிறு தளர்ந்து போனது. அடுத்த தடவை நூஹு தும்மினான். அடுத்ததில்தான் எல்லாம் கூடி வந்தது. அபூசாலி கண்ணை மூடிக்கொண்டு கேள்விக் கவியைப் படித்தான்.

"வட்டைக்குப் போற வழி வரம்பெல்லாம் பாத்து வந்தேன்
எட்டி நிண்டு பாக்கிறியே, ஏன் பேச மாட்டாயோ?"

பதிலுக்கு அவன் மூச்சு எடுக்குமுன் கதவுப் பக்கமிருந்து இன்னொரு குரல் எழுந்தது.

"கதவுக்குப் பின்னால கனகாலம் நிண்டன் மச்சான்
எதிர்காத்து அடிச்சாலும் என் குரலு நிக்கிதில்ல."

கமீலாதான். யாரும் சொல்லிக் கொடுக்காத கவி. எப்போது கட்டினாளோ தெரியாது. அபூசாலியின் விரல் ஒரு கணம் தடுமாறி மறுபடி தந்தியைப் பிடித்துக்கொண்டது. தங்கத்துரை உடுக்கைத் தாழ்த்தி அவள் குரலுக்கு வழி விட்டான். ஸகியாவுக்கு உடம்பு புல்லரித்தது. கூடப் பிறந்தவளுக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது இத்தனை காலமாய்த் தனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. முடிவில் இரண்டு பேரும் நாக்கைச் சுழற்றிக் குரவை எடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் எடுத்த குரவைக்கு அளவேது? பூசாத சுவர் அதை இருபது பேர் குரவையாக்கியது.

சாக்கு ஜன்னலை மறைக்கும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த வெளியை யார் மறைப்பது?

குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த சரீபாவின் காதில் குரவை விழுந்தது. குரவை கேட்டால் கேட்டவள் பதில் குரவை எடுக்க வேண்டும். எழுபது கல்யாணம் பார்த்த வாய் அது. கை தேங்காயில் இருக்க, வாய் தன் பாட்டுக்குத் திறந்து குரவை எடுத்துவிட்டது. அதுவும் திறந்த வளவில். அதைக் கேட்டுப் பக்கத்து வளவில் ஒருத்தி எடுத்தாள். அவளைக் கேட்டு அதற்கடுத்த வளவில் இன்னொருத்தி. ஒழுங்கை முழுக்கக் குரவை ஓடி முடிந்த பிறகுதான் சரீபாவுக்குத் தான் செய்தது உறைத்தது.

"றப்பே, நான் என்னத்தச் செஞ்சன்!"

குரவை சும்மா எழாது, சுன்னத்துக்கு எழும், கல்யாணத்துக்கு எழும். சுன்னத்து வைக்க அந்த வளவில் ஆண்பிள்ளை இல்லை. ஸகியாவின் மகள் இன்னும் தவழுகிறவள். குரவை எழுந்ததோ கமீலாவின் புது வீட்டில். பெண்ணைப் பெற்றவளே பதில் குரவையும் எடுத்தாயிற்று. ஊருக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

டேப்பைச் சுற்றி முடிக்குமுன் வேலிக் கடப்படியில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி கையில் சீனி, ஒருத்தி கையில் வெத்திலை வட்டா, எல்லார் முகத்திலும் கோபம்.

"கலியாணக் காவின் எழுதிட்டீங்களாங்கா சரீபா? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லியே!"

"மாப்பிள்ளை உள்ளுக்க இரிக்காராமே? பாட்டுக் கச்சேரியும் வைச்சிரிக்கீங்களாமே?"

"இல்ல கா, அது பாட்டுக்கு..." என்று சரீபா இழுத்தாள்.

"பாட்டுக்கு யாரும் குரவை போடுவாங்களா? எங்களுக்குக் காது குத்தாதீங்க."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உண்மையைச் சொன்னால் அதுவும் தப்பு. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் பொய்க் குரவை எடுக்கக் கூடாது, எடுத்தால் மெய்க் குரவை தள்ளிப் போகும் என்பார்கள். சரீபா தலையில் கை வைத்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்கு ஆள் வேண்டும், ஆனால் பதில் குரவை எடுத்தவள் தானே ஆயிற்றே! அதனால் அழுதாள்.

சவளக்கடை வயல் வட்டையிலிருந்து சைக்கிளில் வந்த மீராமுகைதீன் போடியாரைச் சந்திக்குச் சந்தி மறித்து, "மகள்ட கலியாணம் முடிஞ்சிதாமே, மாஷா அல்லாஹ்!" என்று கை கொடுத்திருந்தார்கள். காலையில் வரம்பு பார்க்கப் போன மனிதர், மகளின் கல்யாணத்தை ரோட்டில் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், கூட்டம் கலைந்தது. பிறகு ஸகியாவைப் பார்த்தார்.

"என்ன நடந்த?"

ஸகியா ஒன்றையும் மறைக்கவில்லை. கமீலாவைக் கூப்பிட்டது தான்தான் என்பதையும், அவள் கவி படித்ததையும் சேர்த்துச் சொன்னாள். போடியார் துவாயை எடுத்துத் தோளில் போட்டார். முகம் கழுவப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் ஸகியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் முகம் துடைக்குமுன் கடப்படியில் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஆயிஷா உம்மா இறங்கினாள். ஓட்டி வந்தவன் அவள் மகன் அச்சிமுகம்மது. பெண் பேசிய வீட்டுக்குள் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வரக் கூடாதல்லவா? அவன் வேலிக்கு வெளியே, கார்க் கதவில் கை வைத்தபடி நின்றுகொண்டான்.

ஆயிஷா உம்மா உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப் பார்சல். ஸகியா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை. போடியாரை அண்ணன் முறை வைத்துப் பேசத் தொடங்கினாள்.

"மருதமுனையில சீலை எடுத்துக்கிட்டு நிண்டன் காக்கா. ஒங்கட மகளுக்குத்தான். நெசவுக்காரர்ர பொஞ்சாதி சொல்றா, போடியார்ர இளையவட காவின் முடிஞ்சிதாம், குரவை கேட்டிதாமெண்டு. சீலையக் கையில வைச்சிக்கிட்டு என்ட மொகத்த நான் எங்க கொண்டு வைக்கிற?"

அவள் குரல் உடைந்தது. கோபத்தை விட அவமானம்தான் அதில் அதிகம். ஸகியாவுக்கு அவள் மேல் பாவமாக இருந்தது.

போடியார் நடந்ததைச் சொன்னார். ஆயிஷா உம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப கலியாணம் இல்ல. அல்ஹம்துலில்லாஹ். குரவை மட்டும்தானே?"

கதவுக்குப் பின்னால் இருந்து கமீலாவின் குரல் வந்தது. "கவியும் படிச்சன் மாமி."

ஆயிஷா உம்மா சிறிது நேரம் சீலைப் பார்சலையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"நான் கெட்டவளில்ல காக்கா. பாட்டும் கேப்பன். ஆனா என்ட மகன்ட பொஞ்சாதிட குரல் தேத்தண்ணிக் கடை தோறும் கேக்கோணுமா? நாலு பேர் அவன்ட மொகத்துக்கு முன்னால சிரிப்பானுகள். அந்த டேப்பை அழிச்சிப் போடுங்க. இண்டைக்கு நான் ஒண்டும் கேள்விப்படல்ல. சீலையக் குடுத்திட்டு, நாளையும் குறிச்சிட்டுப் போறன்."

சரீபா சட்டென்று எழுந்தாள். "அழிச்சிப் போடுங்க மருமகன்! இப்பவே அழிச்சிப் போடுங்க!"

ஒரே மைக். கமீலாவின் குரலை மட்டும் பிரித்து எடுக்க வழியில்லை, அழித்தால் எல்லாம் போகும். மறுபடி பதியவும் நேரமில்லை. புண்ணியமூர்த்தியின் கடைப் பையன் ரெக்கோடரை எடுத்துப் போக வந்து நிற்கிறான்.

அபூசாலி ஸகியாவைப் பார்த்தான். அவள் என்ன சொல்வாள்? ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தங்கச்சி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடிதான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"மாமா, பாட்டு இன்னொண்டு வரும்" என்றான் அபூசாலி போடியாரிடம். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும்.

தங்கத்துரை ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்து முன் மேசையில் வைத்தான். "நானே அழிக்கிறன் போடியார். தங்கச்சிட வாழ்க்கையை விட எங்கட பாட்டுப் பெரிசில்ல." அவன் விரல் சிவப்புப் பொத்தானில் இருந்தது. பக்கத்தில் நின்ற நூஹு, என்றைக்கும் பேசாதவன், "ஓம், அழி" என்று சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

பெரிய மேடைகளில் அவர்களைப் பார்த்திருக்கிறாள் ஸகியா. சனம் எழுந்து நின்று கை தட்டியதைப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் வராத அழுகை இப்போது வந்தது. இவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"தங்கத்துரை அண்ணன், கைய எடுங்க."

கமீலா கதவைத் தாண்டி வெளியே வந்தாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆயிஷா உம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, நீங்க கேட்டது ஞாயம்தான். ஒங்கள்ல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இண்டைக்கு இத அழிச்சிப் போட்டு நான் சீலைய வாங்கினா, மறுகா ஒவ்வொரு நாளும் ஒண்டொண்டா அழிக்க வேண்டி வரும். எனக்குச் சோறாக்கக்குள்ளயும் கவி வரும், வாசல் கூட்டக்குள்ளயும் வரும். அது என்ட குணம். அதையும் சேத்து எடுக்க ஏலுமெண்டா எடுங்க. ஏலாதெண்டா, ஒங்கட மகனுக்கு அல்லாஹ் நல்ல எடத்தக் குடுப்பான்."

"வாய மூடு புள்ள!" என்று சரீபா அலறினாள்.

போடியார் கையை உயர்த்தினார். சரீபா நிறுத்தினாள்.

"தெரிஞ்சிதானா சொன்னாய்?" என்று மகளிடம் கேட்டார்.

"ஓம் வாப்பா."

"பொறகு அழ மாட்டாயா?"

"அழுவன் வாப்பா. ஆனா இத அழிச்சா அதைவிட அழுவன்."

போடியார் ஒரு கதிரையை இழுத்து டேப் ரெக்கோடருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"மருமகன், அதைப் போடுங்க. என்ட மகள் என்னத்துக்காகச் சீலைய வேணாமெண்டாளெண்டு நானும் கேக்கோணும்."

அபூசாலி போட்டான். ஸ்பூல் சுற்றத் தொடங்கியது. முதலில் உடுக்கு, தூரத்தில் யாரோ நடந்து வருவது போல. அதன் மேல் கிட்டார் ஏறியது, அதற்குக் கீழே நூஹுவின் றபான். ஊர்ப் பாட்டுத்தான், எல்லாரும் பிறந்ததிலிருந்து கேட்ட மெட்டுத்தான். ஆனாலும் இப்போதுதான் முதல் தடவை கேட்பது போல இருந்தது. கேள்விக் கவி முடிந்து, கமீலாவின் குரல் எழுந்தபோது போடியார் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது ஸகியா பார்த்ததில்லை. இன்றைக்கும் பார்க்க விடவில்லை அவர்.

ஆயிஷா உம்மா எழுந்தாள். சீலைப் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரிடமும் சலாம் சொல்லாமல் வளவைக் கடந்து கடப்படிக்குப் போனாள். சரீபா பின்னால் ஓடினாள். ஸகியாவும் ஓடினாள். சமாதானம் சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா, அவளுக்கே தெரியவில்லை.

"தம்பி, காரை எடு" என்றாள் ஆயிஷா உம்மா.

அச்சிமுகம்மது கார்க் கதவிலிருந்து கையை எடுத்திருந்தான். வேலி ஓரமாக வந்து, புது வீட்டுப் பக்கமும் பழைய வீட்டுப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து டேப்பில் கமீலாவின் குரல் கடைசி வரியை மறுபடி எடுத்தது.

"காரை எடு எண்டன்!"

"கொஞ்சம் பொறுங்க உம்மா" என்றான் அவன். "பாட்டு முடியட்டும்."

ஆயிஷா உம்மா மகனை யாரோ ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு தானே கதவைத் திறந்து காருக்குள் ஏறி அடித்துச் சாத்தினாள். மகன் ஏறவில்லை.